யோரான் வீட்டுக்காரி

மூன்றாவது தடவையும் கல்தச்சர் அதே பெயரைத்தான் எழுதி வைத்திருந்தார்.

கறுப்புக் கல்லறைக் கல்லின் மேல், வெட்டுவதற்கு முன்னால், சாக்பீஸில்: யூனா பன் ஈ யோரான்.

நாப்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எத்தனை தடவ சொல்றது பெரியவரே? எங்கம்மா யூனா நி வீல். வீல் வீட்டுப் பொண்ணு. அந்த ஆளு பேரு அவ தலமாட்டுல நிக்கக் கூடாது."

கல்தச்சர் ஏனன் தொப்பியைக் கழற்றித் தூசி தட்டினார்.

அயர்லாந்தில் டனிகால் பக்கம் பெயரைச் சொன்னாலே போதும். ஆண் என்றால் ஓ ஜோரான். அவன் மகள், பெயர் கொஞ்சம் திரிந்து, நி யோரான். பெண்டாட்டி பன் ஈ யோரான். ஒருத்தி யாருக்கு மகள், யாருக்கு மனைவி என்று வேறு கேட்கவே வேண்டாம்.

கிளாஸ்கோவிலிருந்து வந்து இந்த ஊரில் இறங்கியபோது அம்மாவுக்கு ஐந்து மாதம். புருஷன் வேலையை முடித்துக்கொண்டு பின்னாலேயே வருவான் என்றாளாம். வரவில்லை. மீன் ஆலையில் முப்பது வருடம் ஐஸில் கை மரத்து மகளை ஆளாக்கினாள்.

பள்ளிக்கூடத்தில் ஒருநாள் வாத்தியார் ஒவ்வொரு பெயராக அர்த்தம் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஜோரான் என்றால் நாடோடி. ஊரைவிட்டுப் போனவன்.

வகுப்பே சிரித்தது.

அன்றிலிருந்து அந்த முகம் தெரியாத மனிதனை நாப்லா திட்டாத நாளில்லை. பஸ் வராவிட்டாலும் அவனைத்தான். அம்மாவின் மூச்சு நின்றபோதும் அவனைத்தான்.

ஈரத்துணியை எடுத்து எழுத்தை அழித்தாள்.

ஏனன் சாக்பீஸை எடுத்து, நிதானமாக, மறுபடி எழுதினார்.

"உங்களுக்கு ஏன் இந்தப் பிடிவாதம்?"

"பிடிவாதம் எனக்கில்லம்மா, உங்கம்மாவுக்கு. மக வந்து கத்துவா, மாத்திடாதீங்கன்னு போன வருஷமே சத்தியம் வாங்கிட்டுப் போயிடுச்சு."

"விட்டுட்டு ஓடினவன் மேல அவளுக்கு அப்படி என்ன?"

"ஓடினவன்னு யாரும் இல்ல."

கூரைத் தகரத்தில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கல்லைப் பார்த்தபடியே பேசினார்.

"ஊருக்கு வந்த மறுநாளே உங்கம்மா வேலை கேட்டு இந்தப் பட்டறைக்குத்தான் வந்துச்சு. எங்க முதலாளி ஒரு கல்லுல ஓ ஜோரான்னு வெட்டிட்டிருந்தார். அர்த்தம் என்னன்னு என்னைக் கேட்டுச்சு. சொன்னேன். வயித்துல கையை வச்சுக்கிட்டு, 'அப்ப எங்க போனான்னு யாரும் கேக்க மாட்டாங்க'ன்னுச்சு."

நாப்லா திட்ட வாயெடுத்தாள். யாரை என்று தெரியவில்லை.

துணியிலிருந்து தண்ணீர் அவள் செருப்பின் மேல் சொட்டியது.

அதைப் பிழிந்துகொண்டே கேட்டாள்: "அந்தக் கல்லு யாரோடது?"

"ஒரு எண்பது வயசுக் கிழவன்மா. கல்யாணமே கட்டல. இந்த ஊரை விட்டு ஒருநாள்கூட வெளிய போனதில்ல."