நூற்றுக்கு எண்பது

"எண்பதுன்னு மாத்திடும்மா. ஒரு எண்தானே, யார் குடியும் முழுகிடாது."

ப்ராஜெக்ட்டுக்கு வழிகாட்டும் கைடு மேடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். வைவா என்கிற வாய்மொழித் தேர்வு தொடங்க இன்னும் அரை மணி நேரம்கூட இல்லை. தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் லேப்டாப்பை முன்னால் வைத்துக்கொண்டு, கடைசி வருட மாணவியான அவள் பேந்தப் பேந்த விழித்தாள்.

"எனக்கு முப்பதுதான் வந்துச்சு மேடம். உப்புத் தண்ணியில நூறு விதையைப் போட்டா முப்பதுதான் முளைக்குது. மூணு தடவை பண்ணிப் பார்த்துட்டேன்."

"புத்தகத்துல எண்பதுன்னு போட்டிருக்கே?"

"போட்டிருக்கு மேடம்."

"அந்தப் புத்தகத்தை எழுதினவர்தான் இன்னைக்கு எக்ஸ்டர்னல் எக்ஸாமினர். அவர் மூஞ்சிக்கு நேரா உங்க கணக்கு தப்புன்னு சொல்லப்போறியா?"

அவள் திரையில் இருந்த முப்பதையே பார்த்தாள். மேடம் விடவில்லை.

"உன் சீனியர்ஸ் அத்தனை பேருக்கும் எண்பது வந்திருக்கு. உனக்கு மட்டும் எப்படி முப்பது வரும்? எங்கேயோ சொதப்பியிருக்கே. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். மேல்படிப்புக்கு இடம் கிடைச்சாச்சு. இந்த ப்ராஜெக்ட்ல கோட்டை விட்டா அதுவும் போயிடும். நல்லவேளை, ரிப்போர்ட்டை இன்னும் பைண்டிங்குக்குக் கொடுக்கலை."

மேடம் கெட்டவர் அல்ல. இடம் கிடைத்த செய்தி வந்தபோது இவளைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவர் அவர்தான். என்ன, ஆற்றில் இருந்துகொண்டு முதலையைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறவர். வந்திருக்கும் எக்ஸ்டர்னலோ, கேள்வி கேட்டே தோலை உரித்துவிடுவார் என்று பெயர் வாங்கியவர்.

வீட்டில் அம்மா ஒரு சொந்தக்காரரையும் விடாமல், "பொண்ணு மேல படிக்கப் போறா" என்று போன் போட்டுச் சொல்லி முடித்தாயிற்று. அதை நினைத்ததும் அவள் விரல் தானாக நகர்ந்தது. முப்பதை அழித்துவிட்டு எண்பது என்று தட்டினாள்.

திரையில், வரைபடத்தில் குட்டையாக நின்ற பட்டை சட்டென்று வளர்ந்தது. மூன்று முறை ஊறப்போட்டும் முளைக்காத விதை, ஒரு பொத்தானை அழுத்தியதும் முளைத்துவிட்டது.

"பார்த்தியா, எவ்வளவு அழகா இருக்கு!" மேடம் நிம்மதியாக மூச்சு விட்டார்.

வைவா அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி. எக்ஸ்டர்னல் வந்ததிலிருந்து ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை. படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளச் சொன்னவர், அந்தப் பட்டை வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எண்பதா?"

"ஆமா சார்."

"நீயே எண்ணினியா?"

"ஆமா... சார்."

"சரி. முளைச்சதெல்லாம் பார்க்க எப்படி இருந்துச்சு?"

இதற்கு யாரும் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். தினமும் தட்டுத் தட்டாகக் குனிந்து பார்த்தவள் ஆயிற்றே.

"வேர் பழுப்பா இருந்துச்சு சார். நுனி கருகினாப்ல. நிறைய விதை தண்ணி குடிச்சு வீங்குச்சு, ஆனா அதோட நின்னுடுச்சு. இன்னைக்கு முளைச்சுடும், நாளைக்கு முளைச்சுடும்னு பார்த்துக்கிட்டே இருப்பேன். பாதிக்கு மேல அப்படியே..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எண்பது முளைச்ச தட்டுல, பாதிக்கு மேல எப்படிம்மா முளைக்காம நிக்கும்?"

மேடம் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். கண்ணாலேயே கெஞ்சினார். ஏதாவது சொல்லிச் சமாளி என்று கெஞ்சினார். அவளும் சமாளிக்கத்தான் பார்த்தாள். பொய் ஒன்றும் கைக்கு அகப்படவில்லை.

"சார், இந்த எண் தப்பு. எனக்கு முப்பதுதான் வந்துச்சு. புத்தகத்துல எண்பதுன்னு இருந்துதுன்னு மாத்திட்டேன்."

"எப்போ?"

"இப்பத்தான் சார். உள்ளே வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"யார் மாத்தச் சொன்னது?"

மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் அந்தப் பக்கமே திரும்பாமல் சொன்னாள்.

"நானாத்தான் சார்."

அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று அவளுக்குத் தோன்றியது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

எக்ஸ்டர்னல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எனக்கும் முப்பதுதாம்மா வந்துச்சு."

அவளுக்குப் புரியவில்லை.

"அச்சுல தப்பாயிடுச்சு. புத்தகம் கைக்கு வந்த வாரமே பார்த்துட்டேன். எந்த மாணவராவது செஞ்சு பார்த்துட்டு வந்து சொல்லட்டும், அடுத்த பதிப்புல அவங்க பேரைப் போட்டே திருத்துவோம்னு விட்டுவெச்சேன். பதிப்பு மேல பதிப்பா வந்துக்கிட்டே இருக்கு. யாரும் வாயைத் திறக்கலை."

ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"மாத்தினதுக்கு மார்க்கைக் குறைப்பேன், அதுல சமரசம் கிடையாது. ஆனா பயப்படாதே, பாஸ் பண்ணிடுவே. பேரை இனிஷியலோட இதுல எழுதிக் கொடு."

அவள் எழுதத் தொடங்கினாள். எக்ஸ்டர்னல் மேடத்தின் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை.

"வருஷா வருஷம் வர்றேன் மேடம். உங்க லேப்ல இன்னைக்குத்தான் ஒருத்தர் நிஜமாவே விதையை ஊறப்போட்டிருக்காங்க."