வருகைப் பதிவேடு

பேத்தி ஆரின், பேனாவை முழுக் கையாலும் பிடித்துக்கொண்டு பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

கழிப்பறையிலிருந்து வந்த பாட்டி மால்சுன் அதைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

1948-ல் கொரியாவின் ஜேஜு தீவில் ராணுவமும் போலீசும் ஊர் ஊராகக் கொன்றவர்களுக்கான அந்த நினைவகத்துக்குள் இரண்டு மணி நேரம் கலங்காமல்தான் நடந்தாள். எரிந்த வீடுகளின் படங்கள், குகையில் கிடைத்த சோற்றுப் பானை, எலும்புகள். தனக்குப் படிக்கத் தெரியாது என்று அம்மா எப்போதும் சொல்லிவந்ததால் மகள் மிரான் ஒவ்வொன்றின் கீழே இருந்ததையும் வாசித்துச் சொன்னாள். வெளியே இறந்தவர்களின் பெயர் வெட்டிய கல்லில் மால்சுனுடைய அப்பாவின் பெயரையும் சித்தப்பாவின் பெயரையும் அவள்தான் தேடிக் காட்டினாள். மால்சுன் தலையை மட்டும் ஆட்டினாள்.



ஆரின் எழுதப் பழகி மூன்று மாதம்தான் ஆகிறது. தன் பெயர், அம்மா பெயர், பாட்டி பெயர், ஊர்ப்பெயர். கோணல்மாணலாக எல்லாவற்றையும் எழுதிவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தாள்.

எழுதியதை அடித்துவிடச் சொன்னாள் மால்சுன். மிரான் சிரித்தாள். வருகிறவர்கள் எல்லாரும் எழுதுவதுதான், யாரும் எடுத்துப் பார்க்கப் போவதில்லை என்றாள். வெளியே ஜேஜுவின் காற்று சுழற்றி அடித்துக்கொண்டிருந்தது. குழந்தையின் கோட்டுக்குப் பொத்தான் போடக் குனிந்தாள்.

அந்த நேரத்தில் மால்சுன் தாளைக் கிழித்தாள்.

சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. மேசைக்குப் பின்னாலிருந்த காவலாளி எழுந்தான். அவன் சீருடையைப் பார்த்ததும் அவள் தாளைக் கசக்கி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். ஆரின் அழ ஆரம்பித்தாள்.

காவலாளி கிட்டே வரவில்லை. அவனும் தீவுக்காரன்தான். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். உட்காருங்க பெரியம்மா என்று நாற்காலியை மட்டும் மெதுவாக நகர்த்திவிட்டான்.

ஈரத்தாளை மிரான் விரல்விட்டு எடுக்க வேண்டியிருந்தது. தன் நாற்பத்தைந்து வருடத்தில் அம்மா இப்படிப் பயந்து அவள் பார்த்ததில்லை.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு மால்சுன் சொன்னாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஊருக்குள் ஒருவன் நோட்டோடு வந்தானாம். பெயர் எழுதிக் கொடுக்கிற ஆம்பளைகளுக்கெல்லாம் ரப்பர் செருப்பும் அரிசியும் தருவதாகச் சொன்னானாம். பத்தாம் நாள் ராணுவ லாரிகள் வந்தன. அதே நோட்டைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். பதினேழு பேர். வரிசைகூட மாறவில்லை.

மிரானுக்கு ஒன்று புரியவில்லை.

"தாத்தாவுக்குத்தான் எழுதவே வராதுன்னு சொல்லுவியேம்மா. அப்ப யாரு எழுதிக் குடுத்தது?"

மால்சுன் அழுதுகொண்டிருந்த பேத்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எங்க தெருவுல பள்ளிக்கூடம் போனவ நான் ஒருத்திதான்டி," என்றாள். "கையெழுத்து முத்து முத்தா இருக்குன்னு அவன் என் தலையைத் தடவிக் குடுத்தான்."