புகைபோக்கிக்கு எதிர்த்த சந்து

2016 ஆகஸ்ட் 9ஆம் தேதி செங்கால்மேடு நிலக்கரிச் சுரங்கத்தின் புகைபோக்கி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. சுரங்கம் அதற்கு ஐந்து வருடம் முன்பே மூடப்பட்டிருந்தது.

ஏழு வருடம் கழித்து ஒரு மத்தியானம், அங்கே கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற தனகோடி, ஆம்புலன்ஸ் டிரைவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பூங்கோதை கட்டிலில் உட்கார்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள்.

“புகைபோக்கிக்கு எதிர்த்தாப்ல வாங்க தம்பி. சங்கு ஊதுற மேடை தாண்டி கேண்டீன் வரும். அதுக்குப் பின்னாடி சந்து.”

“ஊர் ஆர்ச்சுகிட்ட நிக்கிறேன் ஐயா. புகைபோக்கியே கண்ணுல படல. சுத்தி வெறும் கருவேலங்காடா இருக்கு.”

“நல்லா அண்ணாந்து பாருங்க தம்பி. இருநூறடி உசரம், எப்படித் தெரியாமப் போகும்?”

பூங்கோதை அவர் கையைப் பிடித்து இழுத்தாள். “யோவ், அதத்தான் இடிச்சுட்டானுங்களே. கூட்டத்தோட கூட்டமா நீயும் நின்னு பாத்துட்டுத்தானே வந்த.” அவ்வளவு சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூன்று முறை மூச்சு நின்று வந்தது.

தனகோடி வாசலுக்கு வந்து பார்த்தார். மேடையும் கேண்டீனும்கூட எப்போதோ போய்விட்டிருந்தன. வெளியூர்க்காரருக்கு வேறு என்ன அடையாளம் சொல்வதென்று அவருக்குத் தோன்றவில்லை.

“ஆர்ச்சுகிட்டயே நில்லுங்க தம்பி, நானே வரேன்” என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெயிலில் ஓடினார்.

அவரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கு வந்தபோது மணி இரண்டே முக்கால். அக்கம்பக்கத்தார் பூங்கோதையைக் கட்டிலிலிருந்து இறக்கி, தெற்கே தலைவைத்துத் தரையில் கிடத்தியிருந்தார்கள்.