எட்டாவது கதவு

வேங்கிக்காலில் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு ஒப்பந்தப்படி ஒரு வருட உத்தரவாதம். அதற்குள் எதையாவது சரிசெய்து கொடுத்தால், அதற்கு மட்டும் மேலும் ஒரு வருடம் கூடும். கடைசி நாள் காலையில் ரேணுகாம்பாள் போன் செய்தார். கணவர் இறந்தபின் அங்கே தனியாக இருப்பவர். பின்பக்கக் கதவு மூடும்போது இடிக்கிறதாம்.

வீட்டைக் கட்டிய நிறுவனத்தின் என்ஜினீயர் கீதாஞ்சலி, தச்சர் காசியோடு போனாள். அந்த வீட்டுக்கு ஏழு கதவுகளை அவளே நின்று மாட்ட வைத்திருந்தாள். இது எட்டாவது. சமையலறையின் பின்சுவரில் இருந்தது. வெளியே சுற்றிப்போய்ப் பார்த்தாள். அங்கே வெறும் சுவரும், அதையொட்டிக் கொடியில் காய்ந்த புடவையும்தான் இருந்தன.

உள்ளே வந்தபோது காசி கதவின் ஓரத்தை இழைத்து முடித்திருந்தார்.

"இது நாம போட்டதாண்ணா?"

"யார் போட்டா என்னம்மா? கை வெச்சுட்டோம். இனிமே நம்ம பொறுப்புதான்."

"இன்னிக்கு வுட்டா அப்புறம் வரமாட்டீங்கன்னுதான் கூப்ட்டேன்," என்றார் ரேணுகாம்பாள். "இதுக்கும் ஒரு வருஷம் உண்டு இல்ல?"

கீதாஞ்சலி கொஞ்சம் யோசித்தாள். "உண்டுங்கம்மா."

அவர் முகம் தெளிந்தது. கதவை ஒரு சாண் திறந்து, உள்ளே இருந்த இருட்டிடம் சொன்னார்.

"ஏங்க, இன்னும் ஒரு வருஷம் இருக்கலாமாம்."

கதவு உள்ளிருந்து மெல்லச் சாத்தப்பட்டது.

"நல்லா மூடுது," என்றார் காசி திருப்தியாக.