நெட் படியாத தலை

மேற்குத் தாம்பரத்தில், மின்சார ரயில் போகும்போதெல்லாம் கண்ணாடி அதிர்கிற மாடி பியூட்டி பார்லர். மூன்று மணி வெயில் நாற்காலியில் இருக்கும் ஜோவிதாவின் சுருட்டை முடிக்குள் புகுந்து வெளியே வரத் தெரியாமல் மினுங்குகிறது. அம்மா தபீதாள் சீப்பே படாமல், ஈரத்தில் விரலால் சிக்கெடுத்து வளர்த்த முடி. அதன்மேல் வெள்ளைக் கல்யாண நெட்டை வைத்து அழுத்துகிறாள் சலோமி, மாப்பிள்ளையின் அம்மா. நெட் குடைபோல எழும்புகிறது. “படியவே மாட்டேங்குது பாருங்க. போட்டோல காக்காக்கூடு மாதிரி இருக்கும். ஸ்ட்ரெய்ட்டன் பண்ணிடும்மா.”

பார்லர்காரி துர்கா கிண்ணத்தில் க்ரீமைக் குழைக்கிறாள். நெடி கண்ணை எரிக்கிறது. “போட்டுட்டா இந்த முடி திரும்ப சுருளாது. ஓகேவா?” கேள்வி சலோமிக்கு. சுருள் ஒன்றை விரலில் இறுகச் சுற்றிக்கொண்டு ஜோவிதா கண்ணாடி வழியே அம்மாவைப் பார்க்கிறாள். “நீ சொல்லும்மா.” தபீதாள் சலோமியின் பக்கம் திரும்புகிறாள். “அவளுக்கு அது அழகாத்தானே இருக்கு, அண்ணி.” சலோமி சிரிக்கிறாள். “இவ தலைய க்ரீம் போட்டு நேராக்கிடலாம். பொறக்கப்போற பேரப்பிள்ளைய என்ன பண்றது? உங்க தலையோடதானே வந்து பொறக்கும்!” துர்காவும் சேர்ந்து சிரிக்கிறாள். தபீதாள் முந்தானையை இழுத்து, ஜெபம் தொடங்கிவிட்டதைப் போல, தன் நரைத்த சுருட்டைத் தலையை மூடிக்கொள்கிறாள். ஜோவிதா விரலிலிருந்து சுருளை விடுகிறாள்.

“போடுங்கக்கா.”