மூன்றாவது மெஷின்

இடுப்பு வலி தாங்காமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள் துணிப்பைக் கடைக்காரி. சிறுதொழில் பயிற்சியில் அன்று செலவுக் கணக்கு. அவள் எழுதிய தாளைப் படித்த பயிற்சியாளர் நிமிர்ந்தார்.

"மூணு தையல் மெஷின் ஓடுதுங்கறீங்க. கூலி ரெண்டு பேருக்குத்தானே போட்டிருக்கு?"

"மூணாவது மெஷின்ல தைக்கிறவளுக்குக் கூலி கிடையாது சார். சோறு மட்டும்தான்."

"எத்தனை வருஷமா?"

"பதினொரு வருஷமா."



"உடம்பு முடியலைன்னா?"

"மாத்திரையைப் போட்டுக்கிட்டுத் தைப்பா."

"கூலி கேட்டதே இல்லையா?"

"ஒரு தடவை கேட்டா. எங்க வீட்டுக்காரர் கன்னத்துல ஒண்ணு விட்டார். அப்புறம் வாயே திறக்கல."

"மாட்டுக்குக்கூட ஓய்வு உண்டும்மா. நீங்க பார்த்துக்கிட்டா இருந்தீங்க?"

"கல்நெஞ்சுக்காரி" என்று முணுமுணுத்த பக்கத்து இருக்கை சோப்புக்கடைக்காரி, தன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

பயிற்சியாளர் குரலை உயர்த்தினார். "நாளைக்கு அந்தப் பொண்ணை இங்க கூட்டிக்கிட்டு வரணும்."

"நாளைக்கு எதுக்கு சார்?" இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். "இன்னைக்கே வந்திருக்கேனே."

அவளே தாளை வாங்கி, கூலிப் பட்டியலின் மூன்றாவது வரியில் எழுதினாள்: என் வீட்டுக்காரர் எனக்குத் தர வேண்டிய பாக்கி, பதினொரு வருஷக் கூலி.