மேஸ்திரி என்ன ஆனான்?

சர்க்கரை டப்பாவுக்குப் போகும் வரிசையில் கடுகன் எறும்பு. திரும்பும் வரிசையில் பவளி எறும்பு. எதிர்ப்படும்போதெல்லாம் எறும்பு வழக்கப்படி இரண்டும் நின்று முகத்தோடு முகம் முட்டிக்கொள்ளும். அந்த ஒரு நொடியில் காதலைச் சொல்லிவிடக் கடுகன் துடிக்கும். பவளியோ, வரிசையை மேய்க்கும் மேஸ்திரி எறும்பைப் பற்றி, "மேஸ்திரி இன்னைக்கு யாரைத் திட்டினான்?" என்று ஆவலாகக் கேட்கும். கடுகன் வாயைத் திறப்பதற்குள் பின்னால் வரும் எறும்புகள் தள்ளிவிடும்.

ஒருநாள் ஈரத்துணி ஒன்று வந்து வரிசையையே கலைத்துவிட்டது. மேஸ்திரி உட்பட எல்லா எறும்புகளும் திசைக்கொன்றாகத் தெறித்து ஓடின. கடுகனும் பவளியும் டப்பா மூடிக்கு அடியில் ஒதுங்கின.

"பவளி, உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும்," என்றது கடுகன்.

"அதான் எனக்குத் தெரியுமே! மேஸ்திரி அலறிக்கிட்டா ஓடினான், முதல்ல அதைச் சொல்லு," என்று பவளி ஒட்டி உட்கார்ந்தது.

தள்ளிவிட யாருமில்லாததால் கதை வெகுநேரம் ஓடியது.